கலவையில் ஒரு கலவை: மூணும் ரெண்டும் அஞ்சா பாஸ்?

நோண்டிப் பார்!

முதல்ல ஒரு குட்டிக் கணக்கு. பதில் சொல்லிட்டு மேலே படிங்க.

உங்க வீட்டுக்கு 3 எம்.பி.பி.எஸ். வேகத்துல ஒரு இன்டர்நெட் லைன் வருது. பக்கத்து வீட்டுக்கு 2 எம்.பி.பி.எஸ். லைன். ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்டா மொத்தம் எவ்வளவு?

'அஞ்சு'ன்னு சொன்னவங்க எல்லாம் எங்க கட்சி! நாங்களும் அப்படித்தான் நம்பினோம். நம்பி, காம்பவுண்டு சுவர் ஏறிக் குதிச்சு, ஒயர் இழுத்து, கடைசியில் உச்சி வெயில்ல மொட்டை மாடியில போய் நின்னோம். அந்தக் கதைதான் இந்த வாரம்.

ஊர், கலவை. ஆற்காட்டிலிருந்து திமிரி வழியா பஸ் பிடிச்சு வரணும். காலேஜ்ல முதல் நாள் ஊர் பேரைச் சொன்னதும், "என்னடா கலவை? சிமென்ட்டா, சாதமா?"ன்னு ஓட்டினாங்க. மூணு வருஷமா அதே ஜோக்தான், யாரும் மாத்தலை. நான் பொறந்தப்போ எங்க ஊர் வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் 28-ம் தேதி மாவட்டத்தை மூணாப் பிரிச்சதும் நாங்க ராணிப்பேட்டை பக்கம் வந்துட்டோம். ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிடுச்சு. மாவட்டம் பிரிஞ்சாலும் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் எல்லாப் பக்கமும் இருக்கு. விடிகாலையில ஊர் ஊரா வந்து அக்கா, அத்தைங்களை ஏத்திக்கிட்டுப் போற கம்பெனி பஸ்தான் எங்க ஏரியா அலாரம். இந்த ஷூவை மறந்துடாதீங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

பிரிஞ்ச வீடு

மாவட்டம் பிரியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எங்க வீடு பிரிஞ்சிடுச்சு. கிணத்து மோட்டார் விஷயத்துல அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் முட்டிக்கிச்சு. நடுவுல ஒரு சுவர் எழும்பிச்சு. அம்மாவும் பெரியம்மாவும் அந்தச் சுவருக்கு மேலேயே குழம்புக் கிண்ணம் மாத்திக்குவாங்க, அது தனி டிபார்ட்மென்ட். அண்ணன் தம்பி ரெண்டு பேரும்தான் 'டூ'. மூஞ்சைப் பார்த்தா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பிக்குவாங்க.

பிரிஞ்சதுல ஒரே லாபம், ஒரு டெலிபோன் லைன் இருந்த இடத்துல ரெண்டு லைன் ஆச்சு. ரெண்டுமே பழைய தாமிரக் கம்பி. ரெண்டுலயும் டி.எஸ்.எல். பிராட்பேண்ட்.

2020-ல லாக்டவுன் வந்துச்சு. நான் அப்போ ஸ்கூல். எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே நேரத்துல ஆன்லைன் கிளாஸ். காலையில பத்து மணி ஆனா எங்க வீட்டு லைன் ஆற்காடு பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆயிடும். சார் வாயைத் திறப்பார், அப்படியே உறைஞ்சு நிப்பார். அவர் மறுபடி அசையறப்போ போர்டுல கணக்கு முடிஞ்சிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா பொண்ணு, எங்க அக்கா. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். அவங்களுக்குப் பகல்ல லைன் சும்மா கிடக்கும். ராத்திரியில இன்டர்வியூவுக்குத் தயாராக வீடியோ பார்க்கறப்போ மூச்சு வாங்கும்.

ஒருநாள் சுவர் மேல தலையை நீட்டி அக்கா கேட்டாங்க. "டேய், உங்க வீட்ல காலையில ஜாம். எங்க வீட்ல ராத்திரி ஜாம். ரெண்டு லைனையும் கலந்துட்டா இன்னா?"

"நைனாவுக்குத் தெரிஞ்சா?"

"ஒயர்தானே போவுது? அவங்க ரெண்டு பேரையுமா பேசச் சொல்றோம்?"

பாயின்ட்டு!

கம்பிக்குள்ள மாடி வீடு

செஞ்ச வேலையைச் சொல்றதுக்கு முன்னாடி, அந்தத் தாமிரக் கம்பிக்கு ஒரு சலாம் போட்டுடுவோம். நாம பேசற பேச்சுக்கு டெலிபோன்ல 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போதும். அதுக்கு மேலே கம்பி காலியாத்தான் கிடந்துச்சு. ஏ.டி.எஸ்.எல். ஆளுங்க என்ன பண்ணாங்கன்னா, தரைத்தளத்தைப் பேச்சுக்கு விட்டுட்டு மேலே மாடி கட்டிட்டாங்க. சுமார் 25 கிலோஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு, ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ்னா 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் டேட்டாவுக்கு. ரெண்டையும் பிரிக்கறதுக்குத்தான் போன் பக்கத்துல 'ஸ்ப்ளிட்டர்'னு ஒரு குட்டி டப்பா.

பேப்பர்ல பார்த்தா 24 எம்.பி.பி.எஸ். வரைக்கும் போகலாம். ஆனா அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு! கம்பி நீள நீள மேல் மாடிகள் ஒவ்வொண்ணா இருட்டாகிடும். அதிக ஹெர்ட்ஸ் போற சிக்னல்தான் முதல்ல சாகும். எங்க வீடு ஊருக்குக் கடைசி. அதனாலதான் மூணும் ரெண்டும். அப்புறம் 'ஏ' எழுத்துக்கே அர்த்தம், ரெண்டு பக்கமும் சமம் இல்லைன்னுதான். இறக்கறதுக்கு அகலப் பாதை, ஏத்தறதுக்கு ஒத்தையடிப் பாதை. பாட்டு, படம் இறக்கற காலத்துக்கு அது சரி. கேமராவை ஆன் பண்ணி 'பிரசன்ட் சார்' சொல்ற காலத்துக்கு அது வில்லன்.

இதை மொக்கை வேகம்னு சிரிக்காதீங்க. 2004-ல மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை கொண்டு வந்தப்போ, 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே அது பிராட்பேண்ட். 2005 ஜனவரியில பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்'னு ஆரம்பிச்சதும் அந்த வேகத்துலதான். அந்தக் காலத்து அண்ணன்களைக் கேட்டுப் பாருங்க, ராத்திரி ரெண்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரைக்கும் டவுன்லோடு கணக்குல வராதுன்னு ஒரு பிளான் இருந்ததையும், அலாரம் வெச்சு எழுந்ததையும் கண்ணு கலங்கச் சொல்லுவாங்க. அந்த 256-ஐ 512 ஆக்கினது 2013-ல. 2 எம்.பி.பி.எஸ். ஆக்கினது 2023-ல! அந்தக் கணக்குல பார்த்தா 2020-லயே நாங்க பணக்காரங்க.

ஆபரேஷன் காம்பவுண்டு

ரெண்டு லைனை ஒரே நேரத்துல வாங்கிக்கற 'டூயல் வான்' ரவுட்டர் ஒண்ணை அக்கா பழைய சாமான் விலைக்குப் பிடிச்சாங்க. பின்பக்கம் இன்டர்நெட் உள்ளே வர ரெண்டு ஓட்டை இருக்கும். ஒண்ணுல எங்க மோடம், இன்னொண்ணுல அவங்க மோடம். சுவரைத் தாண்டி நெட்வொர்க் ஒயரைக் கொண்டுபோற வேலை எனக்கு. முருங்கை மரத்துக் கிளையோட ஒட்டி, துணி காயப் போடற கொடி மாதிரியே கட்டிட்டேன். அம்மா அதுல ஒரு துண்டையும் காயப் போட்டுட்டாங்க. சூப்பர் மறைப்பு!

ஸ்பீடு டெஸ்ட் போட்டோம். முள்ளு ஏறுது... ஏறுது... 4.9! நானும் அக்காவும் சத்தமே இல்லாம குதிச்சோம். சுவரு இருக்கே.

மறுநாள் காலை பத்து மணி. சார் வாயைத் திறந்தார். அப்படியே உறைஞ்சார்.

"அக்கா! அஞ்சு எம்.பி.பி.எஸ். எங்கக்கா போச்சு?"

இங்கேதான் பாஸ், மேட்டரே இருக்கு.

இடது கால், வலது கால்

இப்போ அந்த ஷூவை எடுங்க. ராணிப்பேட்டையில இருக்கற ஒரு ஷூ கம்பெனி, சென்னை துறைமுகத்துக்கு சரக்கு அனுப்பணும். ரெண்டு லாரி. ஒண்ணு காஞ்சிபுரம் ரூட்டு, ஒண்ணு அரக்கோணம் ரூட்டு.

முதல் வழி. ஒரு ஆர்டரை முழுசா ஒரு லாரியில ஏத்து, அடுத்த ஆர்டரை அடுத்த லாரியில ஏத்து. ஒரே நேரத்துல ரெண்டு ஆர்டர் போகும். மொத்தத்துல சரக்கு அதிகம் போச்சு, ஆனா எந்த ஒரு ஆர்டரும் முன்னைவிட வேகமாப் போகலை. அது ஏறின லாரி எவ்வளவு வேகமோ அவ்வளவுதான். இதுக்குப் பேர் லோடு பேலன்சிங். எங்க ரவுட்டர் செஞ்சது இதைத்தான். என் கிளாஸ் வீடியோ ஒரு ஆர்டர். அது எங்க லைன்ல ஏறினா 3, பெரியப்பா லைன்ல ஏறினா 2. அஞ்சு அதுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அன்னைக்கு என் கிளாஸ், தங்கச்சி கிளாஸ் ரெண்டையுமே ரவுட்டர் அதே 2 எம்.பி.பி.எஸ். லைன்ல ஏத்தித் தொலைச்சிருக்கு!

அப்போ ஸ்பீடு டெஸ்ட்ல 4.9 எப்படி வந்துச்சு? அந்தக் கள்ளன் ஒரே நேரத்துல பல கனெக்‌ஷன் திறக்கறான். பல ஆர்டர், ரெண்டு லாரியிலயும் ஏறுது, கூட்டிக் காட்டறான். பொய் சொல்லலை. ஆனா நமக்குத் தேவையான கேள்விக்குப் பதில் சொல்லலை.

ரெண்டாவது வழி. ஒரே ஆர்டரைப் பிரிச்சு, இடது கால் எல்லாம் ஒரு லாரி, வலது கால் எல்லாம் ஒரு லாரி. இப்போ நிஜமாவே பாதி நேரத்துல போயிடும். இதுதான் பாண்டிங், அதாவது நிஜமான இணைப்பு. ஆனா ஒரு கண்டிஷன். ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போடணும். சென்னை குடோன்ல ஒரு ஆள் நின்னு, நம்பர் பார்த்து ஜோடி சேர்க்கணும். அந்த ஆள் இல்லைன்னா? குடோன்காரர், "யாரோ ஒத்தைக் கால் ஷூ அனுப்பியிருக்கான்யா"ன்னு திருப்பி அனுப்பிடுவார்!

இன்டர்நெட்லயும் அப்படியே. நம்ம ரெண்டு லைனுக்கும் ரெண்டு ஐ.பி. முகவரி. அந்தப் பக்கம் இருக்கற சர்வர் கண்ணுக்கு நாம ரெண்டு வேற வேற வீடு. பாதிப் பேச்சு இந்த வீட்டிலிருந்தும் மீதிப் பேச்சு அந்த வீட்டிலிருந்தும் வந்தா, அது ஒரே ஆள்னு அதுக்கு எப்படித் தெரியும்? நம்ம முனையில மட்டும் முடிச்சுப் போட்டா அது இணைப்பு இல்லை. அந்த முனையிலயும் ஒருத்தர் முடிச்சுப் போடணும்.

இந்த ஐடியா நம்ம வயசைவிடப் பழசு. ஐ.எஸ்.டி.என். போன் லைன்ல 64 கே.பி.பி.எஸ். பாதை ரெண்டு இருக்கும். ரெண்டையும் சேர்த்தா 128. வீடியோ கான்ஃபரன்ஸ் வேணுமா, அப்படி மூணு லைனை இழுத்து ஆறு பாதையையும் கட்டி 384 ஆக்குவாங்க. பாக்கெட்டுக்கு நம்பர் போட்டுப் பிரிச்சு அனுப்பி, அந்தப் பக்கம் சேர்க்கற விதியை 'மல்டிலிங்க் பி.பி.பி.'ன்னு 1994-ல எழுதி, 1996-ல திருத்தினாங்க. செம காமெடி, 1996-ல வந்த அந்த ஆவணத்தோட வரிசை எண் 1990! டி.எஸ்.எல். கம்பிகளைக் கட்டறதுக்குன்னே ஐ.டி.யு. அமைப்பு ஜி.998 வரிசையில விதிகள் போட்டது 2005-ல. இது எல்லாத்துலயும் எக்ஸ்சேஞ்சு பக்கமும் அதுக்கேத்த கருவி இருந்தே ஆகணும். நாமளா வீட்ல உட்கார்ந்துகிட்டு செய்ய முடியாது.

அக்காவின் அடுத்த அட்டாக்

அக்கா விடலை. "அந்தப் பக்கம் ஆள் இல்லைன்னா நாமளே ஒரு ஆளை வெப்போம்"னாங்க. மாச வாடகைக்கு ஒரு குட்டி சர்வர். வீட்டிலிருந்து ரெண்டு லைன் வழியாவும் அந்த சர்வர் வரைக்கும் ஒரு சுரங்கம். இங்கே நம்பர் போட்டுப் பிரிக்கறது, அங்கே சேர்க்கறது, அங்கிருந்து ஒரே முகவரியோட உலகத்துக்குப் போறது. சர்வர்தான் நம்ம குடோன் ஆள்.

பெரிய ஃபைல் ஒண்ணை இறக்கினோம். ஒத்தை டவுன்லோடே நாலைத் தாண்டுச்சு! முழு அஞ்சு வராது. நம்பர் சீட்டு ஒட்டறதுக்கே கொஞ்சம் இடம் போகும். அப்புறம் பக்கத்துப் பக்கத்துல ஒரே கேபிளுக்குள்ள போற கம்பிகள் ஒண்ணோட பேச்சை ஒண்ணு ஒட்டுக் கேட்கும், 'கிராஸ்டாக்'னு சொல்வாங்க. அதுலயும் கொஞ்சம் போகும்.

ஆனா வீடியோ கால்? முன்னைவிட மோசம்!

காரணம், டீக்கடை. அரக்கோணம் ரூட்டு லாரி வழியில டீ குடிக்க நின்னா, இடது கால் பெட்டி எல்லாம் குடோன்ல வந்து காத்துக் கிடக்கும். வலது கால் வராம ஒரு ஜோடிகூட வெளியே போகாது. எங்க ரெண்டு லைன்ல ஒண்ணுல கரகரப்பு ஜாஸ்தி. அப்படிப்பட்ட லைன்ல தப்பைத் திருத்தறதுக்காக டேட்டாவைக் கலைச்சுப் போட்டு அனுப்பற 'இன்டர்லீவிங்' வேலை நடக்கும். அதுல தப்பு குறையும், தாமதம் கூடும். சேர்த்துக் கட்டினதும் வேகமான லைனும் மெதுவான லைனுக்காகக் காத்திருக்க ஆரம்பிச்சிடுச்சு. டவுன்லோடுக்கு அது பரவாயில்லை. பேச்சுக்கு ஆகாது.

கடைசியில அக்கா ஒரு நல்ல ஏற்பாட்டுக்கு வந்தாங்க. சுரங்கம் வேண்டாம். பழைய லோடு பேலன்சிங்கே போதும், ஆனா நாம சொல்றபடி. என் கிளாஸ் எப்பவும் லைன் ஒண்ணு. தங்கச்சி கிளாஸ் எப்பவும் லைன் ரெண்டு. ஒண்ணு செத்தா எல்லாம் இன்னொண்ணுல. பளபளப்பு இல்லாத ஏற்பாடு. ஆனா சார் உறையலை. சார் வாயைத் திறந்தா சத்தமும் வந்துச்சு. 'அப்பாடா'ன்னு இருந்துச்சு. கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு. அதுவரைக்கும் கிளாஸ் கவனிக்காததுக்கு எனக்கு ஒரு காரணம் இருந்துச்சே!

ஜே.சி.பி. வந்த நாள்

2020 அக்டோபர். அக்காவுக்கு ஒரு கம்பெனியில கடைசி ரவுண்டு இன்டர்வியூ, வீடியோ கால்ல. வீட்ல முதல் சம்பளம் பார்க்கப் போற பொண்ணு. பெரியம்மா சாமி படத்துக்குப் பூ வெச்சாங்க. எங்க அம்மா சுவர் மேல பாயசம் அனுப்பினாங்க. எனக்கும் தங்கச்சிக்கும் அன்னைக்கு ஒரு மணி நேரம் நெட் தடை. ரெண்டு லைனும் அக்காவுக்கே. 'ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கு'ங்கற தெம்பு.

இருபதாவது நிமிஷம். தெருவுல 'கடகட'ன்னு சத்தம். குடிதண்ணி பைப்புக்குப் பள்ளம் தோண்ட ஜே.சி.பி. வந்திருக்கு. ஒரே ஒரு அள்ளு. மண்ணோட சேர்ந்து கறுப்பா ஒரு கேபிள் மேலே வந்துச்சு, உள்ளே கலர் கலரா தாமிரக் கம்பி.

ரவுட்டர்ல முதல் விளக்கு அணைஞ்சுச்சு. சரி, இன்னொண்ணு இருக்கே?

ரெண்டாவதும் அணைஞ்சுச்சு.

ரெண்டு வீடு, ரெண்டு நம்பர், ரெண்டு பில். ஆனா ரெண்டு கம்பியும் தெருமுனை வரைக்கும் ஒரே கேபிளுக்குள்ளதான் போயிருக்கு! மாசக் கணக்கா நோண்டினோம், இதை மட்டும் நாங்க யோசிக்கவே இல்லை.

அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடினாங்க. அவங்க போன்ல டவர் ஒத்தைக் கோடு, அதுவும் போகுது வருது. பின்னாலேயே பெரியப்பா ஓடினார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்க மாடியில அப்பா, சத்தம் கேட்டு மேலே வந்திருந்தார். பெரியப்பா ரெண்டு செகண்டு நின்னார். துண்டை உதறலை.

"உன் போன்ல டவர் கீதாடா?"

மூணு வருஷத்துல முதல் வார்த்தை.

அப்பா ஒண்ணும் பேசலை. போனை எடுத்துப் பார்த்தார். அவருது வேற கம்பெனி சிம், கோடு நல்லா இருந்துச்சு. சுவருக்கு மேலே கையை நீட்டினார். பெரியப்பா வாங்கினார். ஹாட்ஸ்பாட் எப்படிப் போடறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை. நான்தான் சுவர் ஏறிக் குதிச்சுப் போட்டேன், இந்தத் தடவை எல்லாரும் பார்க்கவே.

அக்கா திரும்ப லைனுக்கு வரதுக்குள்ள ஏழு நிமிஷம் போயிடுச்சு. இன்டர்வியூ எடுத்தவர் மரியாதையாத்தான் தொடர்ந்தார். ஆனா அந்த வேலை கிடைக்கலை. "நெட்டாலதான்னு சொல்ல மாட்டேன்டா. கடைசிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியலை"ன்னு அக்கா இன்னைக்கும் சொல்றாங்க. எனக்கு மட்டும் அந்த ஏழு நிமிஷம் இன்னும் உறுத்துது.

கடலுக்கடியிலும் இதே கதை!

'நீங்க சின்னப் பசங்க, ஏமாந்தீங்க'ன்னு நினைச்சா, பெரிய ஆளுங்க கதையைக் கேளுங்க. 2008 ஜனவரி 30. எகிப்துல அலெக்சாண்ட்ரியா பக்கத்துல கடலுக்கடியில போற ரெண்டு கேபிள் அறுந்துச்சு. ஒண்ணு ஃப்ளாக், இன்னொண்ணு சென்னையிலும் மும்பையிலும் கரையேறற சீ-மீ-வீ 4. கம்பெனி வேற, கேபிள் வேற. ஆனா ரெண்டும் மத்தியதரைக் கடல்ல ஒரே ஓரமாத்தான் போச்சு. இந்தியாவோட வெளிநாட்டு இன்டர்நெட் ஏறக்குறைய பாதி படுத்துடுச்சு. எங்க தெரு ஜே.சி.பி.க்கும் அதுக்கும் அளவுதான் வித்தியாசம். பாடம் ஒண்ணுதான்: எண்ணிக்கையில ரெண்டு இருந்தாப் போதாது, பாதையிலயும் ரெண்டு இருக்கணும்.

அதனாலதான் இப்போ உலகம் வேற வேற ஜாதி லைன்களைக் கலக்குது. ஜெர்மனியில டாய்ச்ச டெலிகாம் 2015-ல டி.எஸ்.எல்.லையும் 4ஜி-யையும் ஒரே பெட்டியில கட்டி வீட்டுக்குக் கொடுத்துச்சு. குடோன் ஆளையும் கம்பெனியே வெச்சுக்கிச்சு. ஐபோன்ல 'சிரி'கிட்ட பேசறப்போ வைஃபையும் மொபைல் டேட்டாவும் சேர்ந்தே வேலை செய்யற மல்டிபாத் டி.சி.பி. முறை 2013-லயே வந்துடுச்சு. வீட்டை விட்டுத் தெருவுக்கு இறங்கினாலும் பேச்சு அறுந்து போகாது. ரெண்டு முனையும் 'நாம ரெண்டு கால்ல நிக்கறோம்'னு முன்னாடியே பேசி வெச்சுக்கறதுதான் அதோட ரகசியம்.

நோட்ஸ் எடுத்துக்கங்க பாஸ்!

இப்போ எங்க தெருவுல தாமிரம் போய் ஃபைபர் வந்தாச்சு. 'அப்போ இந்தக் கதை எதுக்கு?'ன்னு கேட்காதீங்க. ஹாஸ்டல்லயும் வாடகை ரூம்லயும் ரெண்டு ஃபைபர் வாங்கிட்டுத் தெம்பா இருக்கற கும்பலை எனக்குத் தெரியும். ரெண்டும் ஒரே கம்பத்துல தொங்கிட்டு இருக்கும்!

ஒண்ணு: முதல்ல உங்களுக்கு என்ன வேணும்னு முடிவு பண்ணுங்க. நாலு பேர் ஒரே நேரத்துல பார்க்கணுமா? லோடு பேலன்சிங் போதும். ஒரே பெரிய ஃபைல் சீக்கிரம் போகணுமா? அந்த முனையில ஆள் வெச்சு பாண்டிங் பண்ணணும். அறுந்து போகாம இருக்கணுமா? அதுக்கு வேகமே வேண்டாம், வேற பாதை வேணும்.

ரெண்டு: ரெண்டாவது லைன் வேற கம்பெனி, வேற வழியா வரட்டும். ஒண்ணு கம்பி, ஒண்ணு காத்துன்னா இன்னும் நல்லது.

மூணு: ஆன்லைன் டெஸ்ட், பேங்க் வேலை நடக்கறப்போ லோடு பேலன்சிங்கை ஆஃப் பண்ணிடுங்க. பாதி வழியில ஐ.பி. முகவரி மாறினா, 'யாருப்பா நீ?'ன்னு வெளியே தள்ளற சைட்டுங்க உண்டு. ஒரே லைன்ல உட்காருங்க, இன்னொண்ணு சும்மா பக்கத்துல நிக்கட்டும்.

நாலு: கரன்ட் போனா மோடமும் ரவுட்டரும் சேர்ந்தே சாகும். பத்து லைன் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ரவுட்டருக்குன்னே வர குட்டி யு.பி.எஸ். ஒண்ணு வாங்கி வைங்க.

அஞ்சு: இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஒரு ஃபிரெண்டுக்கு வீடியோ கால் போட்டுக்கிட்டே மெயின் ஒயரை நீங்களே பிடுங்கிப் பாருங்க. எத்தனை செகண்டுல திரும்ப வருதுன்னு எண்ணுங்க. ஜே.சி.பி. பிடுங்கறதுக்கு முன்னாடி நீங்க பிடுங்கறது நல்லது.

இந்த அஞ்சாவது பாடத்தை அக்கா அடுத்த இன்டர்வியூவுக்கு முன்னாடி நாலு தடவை செஞ்சு பார்த்தாங்க. ஒரு பக்கம் டி.எஸ்.எல்., இன்னொரு பக்கம் அப்பாவோட சிம். அன்னைக்கு எந்த லைனும் போகலை. அக்கா இப்போ சென்னையில வேலை செய்யறாங்க.

சுவர்? அது இன்னும் அங்கேதான் நிக்குது. ஆனா ரெண்டு வீட்டுக்கும் இப்போ ஒரே ஃபைபர், பில்லுல ஆளுக்குப் பாதி. மாசா மாசம் அந்தப் பாதியைக் கொடுக்கற சாக்குல பெரியப்பா எங்க வீட்டுத் திண்ணையில வந்து உட்கார்றார். கிணத்து மோட்டார் பேச்சு இன்னும் வரலை. ரெண்டு முனையும் பேச ஆரம்பிச்சிருக்கே, வரும்.

அடுத்த வாரம்: பவர் பேங்க் மேல எழுதியிருக்கற 20,000 நிஜமாவே 20,000 தானா? நோண்டிப் பார்ப்போம். அதுவரைக்கும், ஜூட்!